கன்வெர்ட்டர் போய்விட்டதா? காரின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பதால், இந்த ஒரு பாகத்தைப் பற்றி மட்டும் வாரம் தவறாமல் யாராவது கேட்கிறார்கள். சிலர் நல்ல கன்வெர்ட்டரை மாற்றிவிட்டு, டாஷ்போர்டில் செக் இன்ஜின் லைட் அணையவில்லையே என்று வருகிறார்கள். சிலர் அடைத்துப்போன கன்வெர்ட்டரோடு மாதக்கணக்கில் ஓட்டி, இன்ஜினையும் கெடுத்துக்கொண்டு வருகிறார்கள். இரண்டுமே தவிர்க்கக்கூடிய செலவு. அதனால் கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எல்லாம் பெட்ரோல் காரை மனத்தில் வைத்து எழுதியவை. டீசலுக்குக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

கன்வெர்ட்டர் என்கிறீர்களே, அது சைலன்சர்தானே?

இல்லை. சைலன்சர் சத்தத்தைக் குறைக்கிறது, கன்வெர்ட்டர் புகையின் நஞ்சைக் குறைக்கிறது. இரண்டும் ஒரே குழாயில் வரிசையாக இருப்பதால் குழப்பம் வருகிறது. இன்ஜினுக்கு அருகில் இருப்பது கன்வெர்ட்டர், வண்டியின் பின்பக்கம் இருப்பது சைலன்சர். பல புதிய கார்களில் கன்வெர்ட்டர் இன்ஜினோடு ஒட்டியே, சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலேயே இருக்கும்.

எஃகு உறைக்குள் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி ஒன்று இருக்கிறது. அதன் நுண்துளைகளின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் மிக மெல்லிய பூச்சாக இருக்கும். கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள் இந்தத் துளைகள் வழியாகப் போகும்போது கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் மாறிவிடுகின்றன. தமிழில் வினையூக்கி மாற்றி என்பார்கள். வினையூக்கி என்பது தான் தீர்ந்துபோகாமல் மற்றவற்றின் மாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள். இந்த ஒரு வரியை நினைவில் வையுங்கள், கீழே பல இடங்களில் இது தேவைப்படும்.

எத்தனை கிலோமீட்டர் தாங்கும்? ஃபில்டர், பிளக் மாதிரி குறிப்பிட்ட காலத்தில் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். நன்றாக ஓடும் இன்ஜினில் ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் உழைக்கும். பல கார்களில் வண்டியின் ஆயுள் முழுக்க வரும். வெப்பத்தில் உலோகத் துகள்கள் மெல்ல ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, வேலைத்திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது உண்டு. அது இயற்கையான முதுமை.

நாற்பது, ஐம்பதாயிரம் கிலோமீட்டரிலேயே போய்விட்டது என்றால் அது முதுமை இல்லை. வேறு ஏதோ ஒரு பழுது அதைக் கெடுத்திருக்கிறது. அந்தப் பழுதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை, கன்வெர்ட்டரை மாற்றுவது இரண்டாவது.

கெட்டுப்போனால் முதலில் என்ன தெரியும்?

எப்படிக் கெட்டது என்பதைப் பொறுத்தது. மூன்று விதமாகக் கெடும். முதலாவது, பூச்சு செயலிழப்பது. புகை தடையில்லாமல் போகும், ஆனால் சுத்தமாகாது. ஓட்டுபவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. டாஷ்போர்டில் செக் இன்ஜின் லைட் எரியும், அல்லது புகைச் சோதனையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் கூடுதலாக வரும். "வண்டி நல்லாத்தானே ஓடுது" என்று பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது, அடைப்பு. தேன்கூடு உருகியோ, கரியும் சாம்பலும் படிந்தோ துளைகள் மூடிக்கொள்ளும். புகை வெளியேற வழியில்லாவிட்டால் இன்ஜினுக்குள் புதிய காற்று வர இடமிருக்காது. பிக்கப் குறையும், மேடு ஏறத் திணறும், குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் வண்டி போகவே போகாது. மூன்றாவது, தேன்கூடு உடைவது. அப்போது கீழே கடகடவென்று சத்தம் கேட்கும். உடைந்த துண்டு பின்னால் போய்ச் சைலன்சரை அடைப்பதும் உண்டு.

ஒரே கன்வெர்ட்டரில் மூன்றும் சேர்ந்தும் வரலாம். ஆனால் உங்கள் வண்டியில் எது என்று பிரித்துப் பார்த்தால்தான் எவ்வளவு அவசரம் என்று தெரியும்.

செக் இன்ஜின் லைட் எரிகிறது. கன்வெர்ட்டர் போச்சா?

அந்த லைட்டுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான காரணங்கள் இருக்கலாம். பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியாக மூடாவிட்டால்கூடச் சில கார்களில் எரியும். இன்ஜின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனரை மாட்டி, அது காட்டும் பழுதுக் குறியீட்டை, அதாவது கோடைப் படிக்காமல் எதுவும் சொல்ல முடியாது.

ஸ்கேனரில் பி0420 என்று வந்திருக்கிறது. மாற்றிவிடலாமா?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். அவசரப்படாதீர்கள். "கேட்டலிஸ்ட்டின் திறன் வரம்புக்குக் கீழே" என்பதுதான் அந்தக் கோடின் பொருள். வி வடிவ இன்ஜின்களில் மறுபக்கத்துக்கு பி0430 வரும். இன்ஜின் கம்ப்யூட்டரால் கன்வெர்ட்டருக்குள் எட்டிப்பார்க்க முடியாது. முன்னால் ஒரு ஆக்ஸிஜன் சென்சார், பின்னால் ஒரு ஆக்ஸிஜன் சென்சார், இரண்டும் சொல்வதை வைத்து அது ஊகிக்கிறது.

நல்ல கன்வெர்ட்டரின் பூச்சில் உள்ள சீரியம் ஆக்சைடு, ஆக்ஸிஜன் கூடும்போது அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, குறையும்போது திருப்பிக் கொடுக்கும். அதனால் முன் சென்சாரின் அளவு 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே மாறி மாறித் துள்ளினாலும், பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட் அளவில் அசையாமல் நிற்கும். பின் சென்சாரும் முன்னதைப் போலவே துள்ள ஆரம்பித்தால், கன்வெர்ட்டரால் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்க முடியவில்லை என்று கம்ப்யூட்டர் கோடு போடுகிறது. புதிய கார்களில் முன் சென்சார் வேறு வகையாக இருக்கும், அதன் அளவு இப்படித் துள்ளாது. அங்கே பின் சென்சாரை மட்டும் பார்த்தால் போதும்.

பின் சென்சார் துள்ளுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. குழாய் இணைப்பில் சின்ன ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும், சென்சார் ஏமாறும். மிஸ் ஃபயர் (ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போவது), பெட்ரோல் அதிகமாகப் போவது, இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருள் பழையதாக இருப்பது ஆகியவற்றாலும் இந்தக் கோடு வரும். ஆகவே வேறு கோடுகள் சேர்ந்து வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பி0300 முதல் தொடங்கும் மிஸ் ஃபயர் கோடுகளோ, கலவைக் கோளாறைச் சொல்லும் பி0171, பி0172 கோடுகளோ இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள். பி0420 மட்டும் தனியாக வந்து, ஓட்டை எதுவும் இல்லாமல், பின் சென்சாரும் துள்ளினால் கன்வெர்ட்டர்மேல் சந்தேகம் வலுக்கிறது.

பின்பக்க சென்சாரை மட்டும் மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்களே?

எப்போதாவது சரியாகும். பெரும்பாலும் ஆகாது. சென்சார் பழையதாகி மந்தமானால் அதன் அளவு அசையாமல்தான் கிடக்கும், துள்ளாது. அதாவது கெட்ட பின் சென்சார் கன்வெர்ட்டரை நல்லது என்று காட்டவே வாய்ப்பு அதிகம். சென்சாரே பழுது என்றால் அதற்கென்று தனிக் கோடுகள் வரும். ஊகத்தில் வாங்கி மாட்டாமல், ஓடும் வண்டியில் அளவைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

லைட் நிலையாக எரியாமல் மினுக்குகிறது. வீடு பக்கம்தான், ஓட்டி வந்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். மினுக்கும் லைட் என்றால், கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ் ஃபயர் இப்போது நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு சிலிண்டரில் பொறி விழவில்லை. அதன் பெட்ரோலும் காற்றும் எரியாமல் அப்படியே கன்வெர்ட்டருக்குப் போய், அங்கே எரிகின்றன.

சாதாரணமாக 400 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் சூடு, அப்போது 1,000 டிகிரியைத் தாண்டும். பூச்சு கெட ஆரம்பிக்கும். 1,400 டிகிரியை நெருங்கினால் பீங்கானே உருகும். இதற்கு மாதக்கணக்கு வேண்டாம், சில நிமிட ஓட்டமே போதும். பொறிக்கு மின்சாரம் தரும் ஒரு காயிலின் விலையைச் சேமிக்கப்போய், அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள கன்வெர்ட்டரை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆக்ஸிலேட்டரை விட்டு, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, வண்டியை இழுத்துப்போக ஏற்பாடு செய்யுங்கள்.

பிக்கப் சுத்தமாக இல்லை. அடைப்புதான் என்று எப்படி உறுதி செய்வது?

அறிகுறிகளின் வரிசையைக் கவனியுங்கள். ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, ஓரளவு சரியாக இருக்கும், மெதுவாகப் போகும்போதும் பரவாயில்லை. ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்தத் திணறும். வண்டி சூடான பிறகு மோசமாகும். முழு அடைப்பு என்றால் ஸ்டார்ட் ஆகிச் சில நொடிகளில் நின்றுவிடும். ஆனால் பெட்ரோல் பம்ப், அடைந்த ஃபில்டர், வழுக்கும் கிளட்ச் ஆகியவையும் இதே மாதிரி ஏமாற்றும். அதனால் அளந்து பார்க்க வேண்டும்.

எளிய சோதனை, இன்ஜின் காற்றை இழுக்கும் உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜ். சூடான இன்ஜினில் ஐட்லிங்கில் பொதுவாக 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்டும். 2,500 ஆர்.பி.எம். வைத்துப் பிடித்தால் சற்றே ஆடிப் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். அங்கே நிற்காமல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் புகைவழியில் அடைப்பு இருக்கிறது. இன்னும் நேரடியான சோதனை, முன் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் அழுத்தமானியை மாட்டுவது. ஐட்லிங்கில் ஒன்றரை பிஎஸ்ஐக்குள்ளும் (டயர் காற்றை அளக்கும் அதே அலகு), 2,500 ஆர்.பி.எம்.-இல் மூன்று பிஎஸ்ஐக்குள்ளும் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் ஏறினால் கன்வெர்ட்டரா, பின்னால் உள்ள சைலன்சரா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முன் சென்சாரைக் கழற்றிய நிலையில் கொஞ்ச நேரம் ஸ்டார்ட் செய்து பார்த்தால், திணறிய இன்ஜின் சுதந்திரமாகச் சுற்றுவது காதுக்கே கேட்கும். அந்தத் துளை வழியாகச் சூடான புகை வரும், பக்கத்தில் ஒயரோ ரப்பர் குழாயோ இருக்கக் கூடாது.

சைலன்சர் முனையில் கையை வைத்துப் பார்த்தால் போதாதா?

முழு அடைப்பு என்றால் காற்றே வராது, அப்போது தெரியும். பாதி அடைப்பு கைக்குத் தெரியாது, அதுதான் அதிகம் வருவது. கையும் சுடும். செய்யாதீர்கள்.

கார் போன பிறகு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. கன்வெர்ட்டர் அழுகிவிட்டதா?

பெட்ரோலில் மிகச் சிறிதளவு கந்தகம் இருக்கும். பெட்ரோல் தேவைக்கு அதிகமாகப் போகும்போது அந்தக் கந்தகம் ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளிவரும், முட்டை நாற்றம் அதுதான். நீண்ட மேடு ஏறி இறங்கிய பிறகு ஒருமுறை வந்து போனால் பொருட்படுத்த வேண்டாம். புது கன்வெர்ட்டரிலும் சில நாள் வரும்.

தினமும் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது பெட்ரோல் ஏன் அதிகமாகப் போகிறது என்பதை. பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகுவது, கெட்ட முன் சென்சார், தவறான அளவு காட்டும் கூலன்ட் சென்சார், எதுவாகவும் இருக்கலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆல்டர்னேட்டர் அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்தால் பேட்டரியிலிருந்தும் இதே நாற்றம் வரும். பானெட்டைத் திறந்தால் நாற்றம் கூடுகிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். அங்கே வெடிக்கக்கூடிய ஹைட்ரஜனும் சேர்ந்திருக்கும், பக்கத்தில் தீப்பொறி ஆகாது.

அடியில் கடகடவென்று சத்தம். உள்ளே உடைந்துவிட்டதா?

பாதிக்குப் பாதி வாய்ப்புகூட இல்லை என்பேன். கன்வெர்ட்டரைச் சுற்றி ஹீட் ஷீல்டு என்ற மெல்லிய தகடு இருக்கும். அதன் போல்ட் துருப்பிடித்து விட்டுப்போனால் தகரம் அதிர்வது போலச் சத்தம் வரும். அது சின்ன வேலை, ஒரு உலோகப் பட்டை கட்டினால் முடியும்.

வண்டி முழுவதும் ஆறிய பிறகு, கீழே போய் ரப்பர் சுத்தியலால் கன்வெர்ட்டரை மெதுவாகத் தட்டுங்கள். டப்பாவுக்குள் கூழாங்கல் உருள்வது போலக் கேட்டால் தேன்கூடு உடைந்திருக்கிறது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வைத்த பிறகே போங்கள்.

தட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. அப்படியானால் நல்லதுதானே?

உடையவில்லை என்று மட்டும் சொல்லலாம். உருகி ஒட்டிக்கொண்ட தேன்கூடும் சத்தம் போடாது, பூச்சு செத்ததும் சத்தம் போடாது.

வெப்பம் அளக்கும் கருவியை முன்னும் பின்னும் காட்டினால் தெரியும் என்றார் ஒருவர். உண்மையா?

ஓரளவு உண்மை. வேலை செய்யும் கன்வெர்ட்டருக்குள் புகை எரிவதால், பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று அதிகச் சூடாக இருக்கும். இருபது நிமிடம் ஓட்டி, 2,500 ஆர்.பி.எம். வைத்து அளந்து, பின்பக்கம் சூடு கூடியிருந்தால் அது வேலை செய்கிறது என்று நம்பலாம்.

மறுதலையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்றைய இன்ஜின்கள் சுத்தமாக எரிப்பதால் கன்வெர்ட்டருக்கு எரிக்கவே அதிகம் மிஞ்சாது, நல்ல கன்வெர்ட்டரிலும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். தவிர, பளபளக்கும் எஃகின் மேல் அந்தக் கருவி தவறான அளவு காட்டும். மங்கிய, கரி படிந்த இடத்தில் அளக்க வேண்டும். பின்பக்கம் பல நூறு டிகிரி கூடுதல் என்றால், எரியாத பெட்ரோல் உள்ளே வருகிறது என்று பொருள். மினுக்கும் லைட்டைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் படியுங்கள்.

இருட்டில் பார்த்தால் வண்டிக்கு அடியில் சிவப்பாகத் தெரிகிறது.

உடனே இன்ஜினை அணையுங்கள். கன்வெர்ட்டர் பழுக்கக் காய்ந்திருக்கிறது. ஒன்று மிஸ் ஃபயர், அல்லது அதிகப் பெட்ரோல். அடைத்த கன்வெர்ட்டரோடு தொடர்ந்து ஓட்டினாலும் இப்படி ஆகும். காய்ந்த புல், சருகு, வைக்கோல் மேல் நிறுத்திவிடாதீர்கள். ஒழுங்காக இருக்கும் கன்வெர்ட்டரே புல்லைப் பற்ற வைக்கும் சூட்டில்தான் இருக்கிறது, இந்த நிலையில் சொல்லவே வேண்டாம்.

காலையில் சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஏதாவது உடைந்துவிட்டதா?

இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உண்டாகிறது. குழாய் குளிர்ந்திருக்கும்போது அது துளியாகிச் சொட்டும், சூடானதும் நின்றுவிடும். கூலன்ட் டேங்கில் அளவு குறைந்துகொண்டே வந்து, வெள்ளைப் புகை இனிப்பு வாசத்தோடு நிற்காமல் வந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அது இன்ஜினின் மேல்பாகத்தை அடைக்கும் ஹெட் கேஸ்கெட் விவகாரம்.

மைலேஜ் குறைந்துவிட்டது. கன்வெர்ட்டர் காரணமா?

அடைப்பு இருந்தால் குறையும், மேலே சொன்ன அழுத்தச் சோதனையில் அது தெரிந்துவிடும். பூச்சு மட்டும் செத்திருந்தால் மைலேஜ் மாறாது. பெரும்பாலும் கதை தலைகீழ். பெட்ரோலை அதிகம் குடிக்க வைக்கும் பழுதுதான் மைலேஜையும் குறைத்து, கன்வெர்ட்டரையும் கெடுத்துக்கொண்டிருக்கும்.

எதனால்தான் கெடுகிறது? நான் வண்டியை நன்றாகத்தானே வைத்திருக்கிறேன்.

வெப்பம், நஞ்சு, அடி. வெப்பத்தைப் பற்றி ஏற்கெனவே நிறையச் சொல்லிவிட்டேன். அடி என்றால் வேகத்தடையில் இடிப்பது, கல் தட்டுவது, பழுக்கச் சூடான கன்வெர்ட்டரோடு ஆழமான தண்ணீரில் இறங்குவது.

நஞ்சு என்பது பூச்சின் மேல் படிந்து மூடிவிடும் பொருள்கள். அதில் பழைய எதிரி ஈயம். அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில் கன்வெர்ட்டர் பரவலாக வந்தபோது, அதோடு ஈயமில்லாப் பெட்ரோலும் கட்டாயமாக வர வேண்டியிருந்தது, ஏனென்றால் ஈயம் கலந்த பெட்ரோல் கன்வெர்ட்டரைச் சீக்கிரமே செயலிழக்கச் செய்யும். கார்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியாவும் 2021-இல் அதை நிறுத்தியது. இன்றைக்கு மிஞ்சியிருக்கும் நஞ்சுகள் இன்ஜின் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ், துத்தநாகம், அப்புறம் கூலன்ட்டில் உள்ள சிலிகேட். தவறான சிலிகோன் பசையைக் கேஸ்கெட்டுக்குப் பூசினாலும் சென்சாரும் கன்வெர்ட்டரும் பாழாகும். பசை டப்பாவில் "சென்சாருக்குப் பாதுகாப்பானது" என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆயில் குறைகிறது, ஆனால் நீலப்புகை வரவில்லை. இதற்கும் கன்வெர்ட்டருக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, அதுவும் நெருக்கமான சம்பந்தம். சூடான கன்வெர்ட்டர் ஆயில் ஆவியை ஓரளவு எரித்துவிடுவதால் புகை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். புகை இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடுவோம். ஆனால் எரிந்த ஆயிலின் சாம்பலும் பாஸ்பரஸும் தேன்கூட்டின் முன்முகத்தில் படிந்துகொண்டே இருக்கும்.

ஆயில் குச்சியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். கீழே ஒழுகாமல் அளவு மட்டும் குறைந்தால் பிசிவி வால்வு (இன்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப எரிக்க அனுப்புவது), வால்வு சீல், பிஸ்டன் ரிங் என்று வரிசையாகச் சோதிக்கச் சொல்லுங்கள். பிசிவி வால்வு மலிவான பாகம், அதிலிருந்தே தொடங்கலாம்.

பேட்டரி இறங்கி, வண்டியைத் தள்ளித் தள்ளி ஸ்டார்ட் செய்தோம். தப்பா?

ஒருமுறை, உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஒன்றும் ஆகாது. ஸ்டார்ட் ஆகாமல் பத்து முறை தள்ளினால், ஒவ்வொரு முறையும் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் சேரும். ஸ்டார்ட் ஆனதும் அத்தனையும் அங்கே எரியும். ஜம்பர் கேபிள் நல்ல வழி.

எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடும்போதே ஒவ்வொரு பிளக் கனெக்‌ஷனாக மெக்கானிக் கழற்றுகிறார். அது சரியா?

கார்பரேட்டர் காலத்துப் பழக்கம் அது. அப்படிக் கழற்றினால் பொறி நிற்கிறது, பெட்ரோல் நிற்கவில்லை. நாமே மிஸ் ஃபயரை உண்டாக்குகிறோம். இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றச் சொல்லுங்கள், பெட்ரோலும் நிற்கும், சோதனையும் நடக்கும். மரியாதையாகச் சொன்னால் நல்ல மெக்கானிக் கேட்டுக்கொள்வார்.

பெட்ரோலில் ஊற்றும் கிளீனர் பாட்டில் பலன் தருமா?

கரி மட்டும் இலேசாகப் படிந்திருந்தால் கொஞ்சம் உதவலாம். அதற்குக்கூட, இன்ஜின் நல்ல நிலையில் இருந்தால், நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டுவது அதே பலனைத் தரலாம், ஏனென்றால் கரி சூட்டில் எரிந்துவிடும். உருகியது, உடைந்தது, நஞ்சு படிந்தது, இந்த மூன்றையும் எந்தப் பாட்டிலும் சரிசெய்யாது.

கழற்றி ஆசிட்டிலோ சோப்புத் தண்ணீரிலோ ஊறவைத்துக் கழுவலாமா?

கூடாது. உலோகப் பூச்சைத் தாங்கும் மெல்லிய அலுமினா அடுக்கையும் சேர்த்துக் கழுவிவிடும் வாய்ப்பு இருக்கிறது.

உள்ளே இருப்பதை உடைத்து எடுத்துவிட்டு வெறும் குழாயாக விட்டால் பவர் கூடுமாமே?

இதற்கு நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன். நல்ல நிலையில் உள்ள கன்வெர்ட்டர் புகைக்குத் தரும் தடை மிகக் குறைவு, அதை எடுத்தால் சாதாரணக் காரில் உணரும்படியான பவர் கூடாது. அடைத்த கன்வெர்ட்டரை உடைத்தவர்களுக்கு, போன பவர் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். புதிதாக ஒன்று மாட்டியிருந்தாலும் அதே பவர் வந்திருக்கும்.

பல நாடுகளில் இது சட்டப்படி குற்றம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தக் குழாயிலிருந்து வருவதைச் சுவாசிப்பவர்கள். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு பல மடங்கு கூடுதலாக வரும். மூடிய ஷெட்டில் கார் ஓடினால் எப்போதுமே ஆபத்து, கன்வெர்ட்டர் இல்லாவிட்டால் அந்த ஆபத்து இன்னும் வேகமாக வரும். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் குழந்தையும் அதைத்தான் சுவாசிக்கிறது. பின் சென்சாரைக் குழாயிலிருந்து தள்ளி வைத்துக் கம்ப்யூட்டரை ஏமாற்றும் ஸ்பேசருக்கும் இதே பதில்தான். லைட் அணையும், புகை மாறாது.

புகைச் சோதனைக்குப் போகும் முன் பழுதுக் கோடை அழித்துவிட்டால் பாஸ் ஆகிவிடுமா?

ஸ்கேனர் மாட்டிச் சோதிக்கும் இடங்களில் ஆகாது. கோடை அழித்தால், கன்வெர்ட்டரைச் சோதித்து முடித்தேன் என்ற குறிப்பும் அழிந்து "தயாராகவில்லை" என்று காட்டும். பல நாள் வெவ்வேறு வேகங்களில் ஓட்டிய பிறகே அது தயாராகும். கன்வெர்ட்டர் உண்மையிலேயே கெட்டிருந்தால் அதற்குள் கோடும் திரும்பி வந்துவிடும். ஒன்று மட்டும் செய்யலாம், சோதனைக்குப் போகுமுன் அரை மணி நேரம் ஓட்டி வண்டியை நன்கு சூடாக்குங்கள். 250, 300 டிகிரி எட்டும் வரை கன்வெர்ட்டர் வேலையே தொடங்காது. நல்ல வண்டி, ஆறிய கன்வெர்ட்டரால் தோற்பதைப் பார்த்திருக்கிறேன்.

முழுதாக மாற்றாமல் ரிப்பேர் செய்யவே முடியாதா?

வெளியே உள்ளதைச் செய்யலாம். விரிசல் விட்ட இணைப்பை வெல்டிங் செய்வது, கேஸ்கெட் மாற்றுவது, ஹீட் ஷீல்டைக் கட்டுவது, துருப்பிடித்த போல்ட்டை மாற்றுவது, சென்சாரின் மரையைச் சரிசெய்வது, எல்லாம் முடியும். பி0420 கோடுகளில் சில இந்த வேலைகளிலேயே தீர்ந்துவிடும். தேன்கூடு கெட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

புதிது மாட்டி மூன்று மாதத்தில் மறுபடி அதே கோடு. ஏமாற்றிவிட்டார்களா?

இரண்டு காரணங்கள். முதலாவது, முன்னதைக் கெடுத்த பழுது இன்னும் அங்கேயே இருக்கிறது. வினையூக்கி தானாகத் தீர்வதில்லை என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? ஆயில் குடிக்கும் இன்ஜினில் எத்தனை கன்வெர்ட்டர் மாட்டினாலும் அத்தனையும் போகும். ஒருவர் ஒரே காருக்கு மூன்றாவது கன்வெர்ட்டரோடு என்னிடம் வந்தார். ஒரு இன்ஜெக்டர் ஒழுகிக்கொண்டிருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை.

இரண்டாவது, மிக மலிவான கன்வெர்ட்டர்கள். விலையின் பெரும்பகுதி உள்ளே இருக்கும் உலோகத்துக்குத்தான். பாதி விலை என்றால் உலோகத்தைத்தான் குறைத்திருப்பார்கள். முதலில் லைட் அணையும், சில மாதத்தில் வரம்புக்குக் கீழே போய்விடும். அசல் பாகமோ, உங்கள் வண்டியின் புகைத்தரத்துக்குச் சான்று பெற்ற வேறு தயாரிப்போ வாங்குங்கள். பில்லில் உத்தரவாதக் காலத்தை எழுதி வாங்குங்கள்.

மாற்றாமல் இன்னும் எவ்வளவு நாள் ஓட்டலாம்?

கெட்ட விதத்தைப் பொறுத்தது. பூச்சு மட்டும் செத்திருந்தால் இன்ஜினுக்கு உடனடி ஆபத்து இல்லை, பணம் சேரும் வரை சில வாரம் ஓட்டலாம், ஆனால் புகை மாசு உங்கள் கணக்கில். அடைப்பு என்றால் தள்ளிப்போடக் கூடாது. பின்னழுத்தத்தால் எக்ஸாஸ்ட் வால்வும் இன்ஜினும் அளவுக்கு மீறிச் சூடாகும், நெரிசலான சாலை நடுவில் நின்றும் போகும்.

தேன்கூடு உடைந்து, அதுவும் இன்ஜினோடு ஒட்டிய கன்வெர்ட்டராக இருந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள். சில இன்ஜின்களில் புகை ஒரு கணம் பின்னோக்கி இழுபடும்போது பீங்கான் தூள் சிலிண்டருக்குள் போய், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலச் சுவரைத் தேய்த்துவிடும். பிறகு கன்வெர்ட்டர் செலவு சின்னச் செலவாகிவிடும்.

டீசல் காருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பாதி பொருந்தும். டீசலில் ஆக்ஸிஜனேற்ற கன்வெர்ட்டர், கரி பிடிக்கும் டிபிஎஃப், புதிய வண்டிகளில் யூரியா திரவம் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் எஸ்சிஆர் என்று தனித்தனியாக இருக்கும். டீசலில் பிக்கப் குறைந்தால் முதலில் டிபிஎஃப் அடைப்பைப் பாருங்கள், அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நீண்ட ஓட்டம் தேவை. ஊருக்குள்ளேயே சின்னச் சின்னதாக ஓட்டும் டீசல் கார்களில் இது அடிக்கடி வரும். முட்டை நாற்றம், பி0420 பற்றிய பதில்களை டீசலுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நேற்று நன்றாக இருந்த கார், இன்று ஸ்டார்ட் செய்ததும் டிராக்டர் மாதிரி இரைகிறது.

குனிந்து கீழே பாருங்கள். குழாய் அறுபட்டிருந்தால் கன்வெர்ட்டரைத் திருடிவிட்டார்கள். உள்ளே உள்ள உலோகங்களுக்காகவே இது உலகெங்கும் நடக்கிறது. உயரமான வண்டிகள் எளிதாக மாட்டும். ஓட்டாமல், போலீஸிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் சொல்லிவிட்டுப் பிறகு மெக்கானிக்கை அழையுங்கள்.

மாற்றிய பிறகு பழையதை என்ன செய்வது? கடைக்காரர் "அது குப்பை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார்.

குப்பை இல்லை. செத்த கன்வெர்ட்டரிலும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன, மறுசுழற்சி செய்பவர்கள் எடை போட்டு வாங்குவார்கள். புதியதன் விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம், அல்லது வாங்கிக்கொண்டு உரிமம் உள்ள மறுசுழற்சியாளரிடம் கொடுக்கலாம். வேலை தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அதை வாங்கும்போது ஒரு முனை வழியாக டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். துளைகள் உருகியிருக்கின்றனவா, கரி பூசியிருக்கிறதா, வெள்ளைச் சாம்பல் படிந்திருக்கிறதா? உருகியிருந்தால் மிஸ் ஃபயர், கரி என்றால் அதிகப் பெட்ரோல், சாம்பல் என்றால் பெரும்பாலும் ஆயில். தூளை மட்டும் ஊதவோ முகரவோ வேண்டாம், அந்தப் பீங்கான் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஒரு படம் எடுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.